நர்சிங் படிப்பும் நம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும்





மூன்று ஆண்டுகளுக்கு முன் குத்துக்கல்வலசையில் ஓர் உம்மா தம் மகளை டிரஸ்ட் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். பிளஸ் டூ உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண். ஒரு கால் மட்டும் சற்று வளர்ச்சி குன்றியது. நர்சிங் படிக்க ஆசை என்றாள் பிள்ளை. "நின்று செய்யும் வேலை உனக்குச் சரிப்படாதும்மா, தையல் பழகு" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் சொன்னது நம் தவறு.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். நர்சிங்கில் இந்த ஒதுக்கீடு, காலில் 40 முதல் 50 சதவீதம் வரை குறைபாடு உள்ளவர்களுக்கு என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. உச்ச வயதிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு.

இந்த வாசல் குறுகியது. கையில் குறை உள்ளவர்களும் காது கேளாதவர்களும் வெளியே நிற்கிறார்கள். இது இன்னும் விரிய வேண்டும் என்பதே நம் கருத்து. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் இரக்கப்பட்டு ஓரமாக உட்கார வைக்கவில்லை. பாங்கு சொல்லும் பணியைக் கொடுத்தார்கள். தாம் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? "ஊருக்குத் தெரிந்தால் வரன் வராது" என்று ஊனச் சான்றிதழே வாங்குவதில்லை. சான்றிதழ் இல்லையென்றால் ஒதுக்கீடும் இல்லை. பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுங்கள். பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுக்கச் செய்யுங்கள். அந்தந்த ஆண்டின் சேர்க்கை விதிகளைப் படித்து விண்ணப்பியுங்கள். பணியில் சேர்ந்தபின் ஊனம் ஏற்பட்டாலும், அதைக் காரணம் காட்டி அரசு வேலையிலிருந்து நீக்க முடியாது. அதே சட்டம் காக்கிறது.

சென்ற மாதம் அந்த உம்மாவின் வீட்டுக்குப் போய், தவறாகச் சொல்லிவிட்டோம் என்றோம். பிள்ளை இப்போது சான்றிதழுக்கு மனுச் செய்திருக்கிறாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். மருத்துவமனைக்கு நாங்களும் உடன் வருகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.