வானொலி நிருபரும் தொழிற்பயிற்சியும்

நூலறிவு மாத்திரம் எத்தொழிலையும் கைவரச் செய்யாது. நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே தீரவேண்டும். பத்திரிகை நிருபர் தாம் எழுதியதை அடித்துத் திருத்தலாம். நேரே ஒலிபரப்பும் வானொலி நிருபரின் வாய்ச்சொல்லோ வெளிப்பட்டபின் மீளாது. ஆதலின், தொழிற்களத்திற் பெறும் பயிற்சி அவர்க்கு எத்துணை இன்றியமையாதது என்பதை ஓர் உதாரணங்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தின் பி.பி.சி. நிலையத்தார் 1936-ஆம் ஆண்டிலேயே தம் ஊழியர்க்கெனப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினர். எனினும், பயிற்சியின் மெய்ப்பயன் நன்கு விளங்கியது இரண்டாம் உலக யுத்தத்திலேயாம். 1943 மார்ச்சு மாதத்தில் பிரிட்டிஷ் சேனையார் 'ஸ்பார்ட்டன்' என்னும் பெயரால் ஒரு போலி யுத்தம் நடத்தினர். நிலையத்தார் அதற்குத் தம் குழுவினரை அனுப்பி, செய்தி திரட்டும் முறைகளையும் ஒலிப்பதிவு செய்யும் முறைகளையும் பரீட்சித்தனர். அவ்வாண்டிலேயே யுத்த நிருபர் பகுதியும் அமைந்தது. அதிற் சேர்ந்தோர் படைவீரரைப் போலவே உடற்பயிற்சி பெற்றனர். நிலப்படங்கொண்டு வழியறியவும், விமானங்களையும் டாங்கிகளையும் இனங்காணவும், வெட்டவெளியிற் சமைத்துண்டு வாழவும் கற்றனர். ஏறக்குறைய 40 ராத்தல் எடையுள்ள ஒலிப்பதிவுக் கருவியைப் பிறர் துணையின்றித் தாமே இயக்கவும் பழகினர்.

1944 ஜூன் 6-ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கின. அன்றிரவே 'வார் ரிப்போர்ட்' என்னும் நிகழ்ச்சி தொடங்கிற்று. கருவியை இயக்குவது எவ்வாறு, பாதுகாப்பாக நிற்பது எங்கே என்னும் கவலைகள் பழக்கத்தாற் குறைந்தமையின், நிருபர்கள் தம் கருத்தைக் காட்சியிலேயே செலுத்தக்கூடியவராயினர். அவ்வாண்டு செப்டம்பரில், ஆர்னெம் நகரருகே பகைவர் சூழ்ந்த இடத்தில், ஸ்டான்லி மாக்ஸ்டெட் குண்டு முழக்கத்தினிடையே தாம் கண்டவற்றைப் பதிவுசெய்தது இதற்குத் தக்க சான்றாகும்.

ஆயின், பயிற்சி யாவற்றையும் அளிக்குமோ எனின், அளிக்காது. கென்ட் ஸ்டீவன்சன், கை பையம் என்னும் நிருபர் இருவரும் குண்டுவீச்சு விமானங்களிற் சென்று உயிர்நீத்தனர். 1945 ஏப்ரலில் பெல்சன் சிறைமுகாமினுட் புகுந்த ரிச்சர்டு டிம்பிள்பியை, அக்கொடுமையைக் காண எப்பயிற்சியும் ஆயத்தப்படுத்தியிருக்க இயலாது. அவர் அனுப்பிய செய்தியை ஒலிபரப்ப நிலையத்தாரே முதலில் தயங்கினர். அவரோ கண்டதைக் கண்டவாறே உலகறியச் செய்தல் வேண்டுமென உறுதியாய் நின்றார். அவ்வுறுதி பள்ளியிற் கற்பிக்கப்படுவதன்று.

எனவே, பயிற்சி கைக்குத் திறனையும் மனத்திற்கு ஓய்வையும் தரும்; உண்மையின்பாற் பற்றை நிருபரே தம் உள்ளத்தினின்று கொணர்தல் வேண்டும். அப்பற்றிருந்தும் பயிற்சியில்லையேல், நேயர்க்குச் செய்தி தெளிவுற எட்டாது; பயிற்சியிருந்தும் அப்பற்றில்லையேல், எட்டுவது செய்தியாகாது. மாணவ நண்பர்களே, இத்தொழிலை நாடுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே தேடுவாராக.