ஸ்பிரிங்கை வெட்டாமலே கார் கெட்டிப்படும்

கார் வளைவில் சாய்கிறது என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். "ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டிடுங்க, கிண்ணுனு நிக்கும்" என்று ஒருவர் வந்து நிற்பார். எனக்கு வந்து நின்றவர் என் மச்சான். அவர் கூட்டிப்போன லாரிப் பட்டறை ஒன்று, அதற்குப் பிறகு ஒரு ஆக்சசரீஸ் கடை. மூன்று பேரும் சேர்ந்து எனக்கு வைத்த செலவில் பாதிகூட ஆகவில்லை, பின்னால் நானே முறையாகச் செய்துகொண்ட வேலைக்கு. மச்சான் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

கார் எந்த கம்பெனி என்று சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், அது வேண்டாம். பத்து வயதைத் தாண்டிய டீசல் ஹேட்ச்பேக். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இருப்பது நாமக்கல்லில், மாமனார் ஊர் கொல்லிமலையில். காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். கார் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்திருக்கும். பாதி மலை ஏறுவதற்குள் பிள்ளைகள் பாலித்தீன் கவர் கேட்பார்கள்.

எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் லாரி அறிவுதான் முதலில் வரும். லாரி தொய்ந்தால் ஸ்பிரிங் பட்டை ஒன்றைச் சேர்ப்பார்கள், விறைத்துக்கொள்ளும். அதே கணக்கைக் காருக்கும் போட்டார்கள். காரில் சேர்க்கப் பட்டை இல்லை, எனவே வெட்டு. மச்சான் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் வம்பாகிவிட்டது. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் கனம், சுற்றின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றையும் பொறுத்தது. ஆறு சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்துவிட்டால் விறைப்பு 20 சதவீதம் கூடும். அவர் சொல்லாமல் விட்டது மீதிப் பாதி: காரின் உயரமும் கூடவே இறங்கிவிடும். சக்கரம் மேலே ஏறிவர ஷாக் அப்சார்பருக்கு விட்டிருந்த இடத்தில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் அடிதட்டும். நாம் உணர்கிற அந்த "விறைப்பு" ஸ்பிரிங்குடையது அல்ல, பம்ப் ஸ்டாப் ரப்பர் நசுங்குவது.

பட்டறையில் நான் ஒன்றுதான் கேட்டேன்: "வெட்டுன முனை கிண்ணத்துல சரியா உக்காருமாங்க?" அங்கிருந்தவர் சிரித்தார். "அதெல்லாம் தானா உக்காந்துக்கும்ணா." உட்காரவில்லை. ஸ்ட்ரட்டின் கிண்ணம் அந்த ஸ்பிரிங்கின் முனைக்கென்றே வடித்தது; ஒரு சுற்றை வெட்டி எடுத்தால் மிஞ்சும் முனை அதில் படியாது. அதைவிட ஆபத்து, குட்டையான ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது தளர்ந்துவிடும். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் இடம் மாறித் திரும்ப விழுகிற சத்தம் அது. போதாக்குறைக்கு வெட்டியது கேஸ் கட்டரால். அந்தச் சூட்டில் வெட்டுவாயை ஒட்டிய எஃகின் பதம் கெட்டுவிடும். ரம்பத்தால் அறுத்திருந்தால் அந்தக் குறையாவது இருந்திருக்காது.

புகார் சொன்னால் "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கும்" என்று பதில். லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மன் விரும்பியது மென்மையான ஸ்பிரிங்கும் கெட்டியான ஷாக்கும் சேர்ந்த அமைப்பை. பந்தயக் கார் செய்தவரே ஸ்பிரிங்கை இளக்கமாக வைத்திருக்கும்போது இவர்கள் எந்த ஸ்போர்ட்ஸ் காரைச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கார் தாழ்ந்ததால் வேகத்தடையில் வயிறு உரசியது. அதற்குத்தான் ஆக்சசரீஸ் கடை. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் ஒன்றை விற்றார்கள். காரைத் தூக்கும், கெட்டியும் ஆக்கும், மைலேஜும் தரும் என்றார்கள். மைலேஜ் எப்படி வரும் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. அந்த ரப்பர் செய்வதெல்லாம் இரண்டு சுற்றுகளைச் சேர்த்துப் பூட்டிவிடுவதுதான். அவை செய்ய வேண்டிய வேலை மற்ற சுற்றுகளின் தலையில் விழும். ரப்பர் உராயும் இடத்தில் பெயின்ட் போகும், தண்ணீரும் சேறும் தங்கும், துரு பிடிக்கும். நான் கழற்றியபோது துரு பிடித்தேயிருந்தது. அதற்குள் ஒரு ஷாக்கில் எண்ணெய் கசிந்து, மேல் மவுண்ட் ரப்பர் கிழிந்து, உயரம் மாறியதில் சக்கரக் கோணமும் மாறி, முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்துபோயின. ஸ்பிரிங், ஷாக், மவுண்ட், டயர் எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. ஸ்பிரிங் வெட்டியதற்குக் கூலி கொடுத்தது வேறு.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கின்றன. பட்டறையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

சரி, உண்மையில் என்ன செய்யலாம்?

முதலில் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள், டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள், முழு ஆள் ஏறும்போது அதற்கென்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். டயரின் பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். காற்று குறைந்தால் வளைவில் அதுவே மடங்கும். டயருக்கு வயதாகியிருந்தால் இதெல்லாம் வீண். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

அடுத்தது புஷ்கள். இதை யாருமே சொல்வதில்லை, ஏனென்றால் இதில் யாருக்கும் லாபம் இல்லை. நீங்கள் "சாய்கிறது" என்று நினைப்பதில் பெரும்பங்கு செத்துப்போன ரப்பர். லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் கம்பியைப் பிடித்திருக்கும் புஷ், அதன் லிங்க் ராடு. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு டயர் விலையை எட்டாது. வளைவில் வெளிப்பக்கம் அமுங்குவதை உள்பக்கத்தோடு கட்டிப்போட்டுக் குறைப்பது அந்தக் கம்பிதான். லிங்க் ராடின் பால் ஜாயின்ட் தேய்ந்துவிட்டால் கார் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் கம்பி வேலைக்கே வரும். என் காரில் ஒரு பக்க லிங்க் ராடு கையால் ஆட்டினாலே லொடலொடவென்றது. அதை ஒரு முறைகூடப் பார்க்காமல்தான் ஸ்பிரிங்கை வெட்டச் சொன்னார்கள்.

புஷ் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முறுக்கிவிடக் கூடாது. காரை இறக்கி, தன் எடையில் அது நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். அந்த ரப்பர் இரும்போடு ஒட்டியது. முறுகித்தான் வேலை செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுகியே இருக்கும், சீக்கிரம் கிழியும். இதை எனக்குச் சொன்னவர் ஊருக்கு வெளியே சின்னதாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். போர்டு கிடையாது, ஏசி ரூம் கிடையாது. காரைத் தூக்குவதற்கு முன்னால் கூடவே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஷாக்குக்குப் பானெட் மூலையை அழுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் நல்லது, இரண்டு மூன்று முறை குதித்தால் போயிற்று. ஆனால் பாதி தேய்ந்த ஷாக் இதில் தப்பிவிடும், எண்ணெய்க் கசிவையும் பாருங்கள். ஸ்பிரிங்கும் ஸ்டெபிலைசரும் எவ்வளவு சாய்வது என்பதைத் தீர்மானிக்கின்றன. எவ்வளவு வேகமாகச் சாய்வது என்பது ஷாக்கின் கையில். பிள்ளைகளுக்குக் குமட்டுவது அந்தத் திடீர் ஆட்டத்தில்தான் என்பது என் எண்ணம். மாற்றினால் ஒரு அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கேஸ் நிரப்பிய ஷாக் கொஞ்சம் விலை கூட, கொடுக்கலாம். மேல் மவுண்டையும் பம்ப் ஸ்டாப்பையும் அதே கையோடு போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கூலி இரண்டு முறை. முடிந்ததும் அலைன்மென்ட்.

இத்தனைக்கும் பிறகு ஸ்பிரிங் கம்பெனி கொடுத்த அளவுதான். கார் வளைவில் இன்னும் கொஞ்சம் சாய்கிறது, சாயட்டும், பிடி விடுவதில்லை. பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்வார்கள், நம் ரோட்டுக்கு அதிர்வுதான் மிச்சம். பானெட்டுக்குள் இரண்டு ஸ்ட்ரட் தலைகளையும் இணைக்கும் பளபளப்பான கம்பியும் கடையில் தொங்கும். அந்தக் காசுக்கு இரண்டு லிங்க் ராடு வாங்குங்கள்.