சாயம் போகும் என்று சொல்லி விற்ற துணி

நமது உழவர்கரைப் பகுதியில் துணி வியாபாரம் துணிக்கடைக்காரர்களோடு நின்றுவிடுவதில்லை. மளிகைக் கடை வாசலில் துண்டும் கைக்குட்டையும் தொங்குகின்றன. பேன்சி ஸ்டோரில் லுங்கியும் நைட்டியும் அடுக்கியிருக்கின்றன. பண்டிகை நெருங்கினால் காய்கறிக் கடைக்காரர்கூட நாலு தலையணை உறை வாங்கி வைத்துப் பார்க்கிறார். ஆகவே இம்மாதப் பாடம் நம் எல்லோருக்கும் பொதுவானது.

கைத்தறித் துணி, இயற்கைச் சாயம் ஏற்றிய துணி, ரசாயன உரமின்றி விளைந்த பருத்தியில் நெய்த துணி ஆகியவை நமக்குப் புதியவை அல்ல. ஆரோவில் பக்கமும் கடற்கரைப் பக்கமும் உள்ள கடைகளில் வெளியூர்க்காரர்கள் இவற்றை நல்ல விலை கொடுத்து வாங்கிச் செல்கிறார்கள். ஆனால் ரெட்டியார்பாளையத்துக் குடும்பமோ லாசுப்பேட்டைக் குடும்பமோ அதே துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. இவர்களிடம் அதை விற்பது எப்படி?

"பூமி கெடுகிறது, ஆகவே இதை வாங்குங்கள்" என்று சொல்வது ஒரு வழி. செய்தி உண்மைதான். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாழானதை அறிவோம். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் அறிவோம். ஆனால் மாதக் கடைசியில் பிள்ளைக்குச் சட்டை எடுக்க வருபவரிடம் நொய்யலைப் பற்றிச் சொன்னால், "பாவம்தான்" என்பார்; வாங்குவது விலை குறைந்த பாலியஸ்டர் சட்டையைத்தான். இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சரக்கை அவருக்கு ஏற்ற விதத்தில் சொல்வது நம் வேலை. முன்னோர் அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு.

புதுச்சேரியின் நீலத்துணி

முதல் சான்று நம் ஊரே. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயம் ஏற்றிய நீலப் பருத்தித் துணி கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. "கினே" என்பது அதன் பெயர். செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க இந்தத் துணியே பணம்போலச் செலாவணி ஆயிற்று. பிரான்சில் ரூவான் நகர ஆலைகள் இதைப்போலவே துணி செய்து அனுப்பிப் பார்த்தன. ஆப்பிரிக்க வாடிக்கையாளர் ஏமாறவில்லை. தொட்டுப் பார்த்தும், மோந்து பார்த்தும் அசல் எது, போலி எது என்று பிரித்துவிட்டார்கள்.

அவுரி நூலின் மேற்பரப்பிலேயே படிந்து நிற்பதால் உரசினால் சற்று ஒட்டும். அந்த வாடிக்கையாளர்கள் அதைக் குறையாகக் கருதவில்லை. உடம்பில் நீலம் படிவதையே விரும்பினார்கள். அவர்கள் வாங்கியது தமக்குப் பிடித்த நிறத்தையும் மணத்தையும் தரத்தையும். இயற்கைச் சாயம் என்பதற்காக ஒருவரும் வாங்கவில்லை.

சென்னைக் கட்டம்

இரண்டாவது சான்று கடல் கடந்தது. ஆனால் துணி நம்முடையது. சென்னைப் பகுதியில் தறியில் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணிக்கு அமெரிக்காவில் "மெட்ராஸ்" என்றே பெயர். 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அதைக் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் வாங்கினார். பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவியவர் இவர்தான். துணி நியூயார்க்கின் பெயர்பெற்ற ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சட்டையாயிற்று. இதைக் குளிர்ந்த நீரில் தனியாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை மட்டும் வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. அவர்கள் மற்ற துணிகளோடு இயந்திரத்தில் போட்டார்கள். சாயம் ஓடியது, புகார் குவிந்தது.

சரக்கைத் திருப்பி அனுப்பித் தலைமுழுகியிருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. "சாயம் நிச்சயம் ஓடும்" என்பதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவையிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாகும், உங்கள் சட்டைபோல இன்னொரு சட்டை இராது என்றார்கள். 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே அந்தத் துணி நாகரிகமாகவே ஆகிவிட்டது. துணி அதேதான். முன்கூட்டிச் சொல்லாதபோது குறையாக இருந்தது, சொல்லி விற்றபோது சிறப்பாயிற்று.

நம் கல்லாவுக்கு என்ன பாடம்?

1. உடம்பின் சுகத்தை முதலில் சொல்லுவோம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பருத்தி வியர்வையை இழுக்கும், காற்று புகும். "சித்திரை வெயிலுக்கு இதைப் போட்டுப் பாருங்கள்" என்ற ஒரு சொல், சுற்றுச்சூழல் பற்றிய பத்துச் சொல்லுக்குச் சமம். உலக நலத்தைக் கடைசியில் சொன்னால் போதும். வாங்கிய பிறகு அது அவருக்கு மனநிறைவு தரும்.

2. குறையை நாமே முதலில் சொல்லுவோம். "முதல் இரண்டு மூன்று சலவையில் நிறம் கொஞ்சம் விடும், தனியாக, குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். சற்றுச் சுருங்கும்; ஆகவே ஓர் அளவு பெரிதாக எடுங்கள்." இதைத் தமிழில் ஒரு சிறு சீட்டில் அச்சிட்டுப் பையில் போடுவோம். சொல்லாமல் விற்றால் புகாரோடு வருவார். சொல்லி விற்றால், சொன்னபடியே நடந்தது என்று நம்பிக்கையோடு திரும்பி வருவார்.

3. விலையைக் கணக்காக மாற்றுவோம். ஓர் எடுத்துக்காட்டு: 300 ரூபாய்ச் சட்டை 30 முறை உடுத்தியதும் சாயம்போய்த் தளர்ந்தால் ஒரு முறைக்கு 10 ரூபாய். 750 ரூபாய்ச் சட்டை 120 முறை உழைத்தால் ஒரு முறைக்கு 6 ரூபாய் 25 காசு. நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே தேவையில்லை. எடுத்துக் கொடுத்தால் போதும். ஆனால் அந்தச் சட்டை உண்மையிலேயே உழைக்க வேண்டும். நாமே உடுத்தித் துவைத்துப் பார்க்காத சரக்குக்கு இந்தக் கணக்கைச் சொல்லக்கூடாது.

4. சிறிதாகத் தொடங்குவோம். முடங்கும் சரக்குதான் சிறு வணிகனின் முதல் எதிரி. ஆகவே சேலை, சட்டையில் முதலைப் போடுவதற்கு முன் துண்டு, லுங்கி, கைக்குட்டை என்று தொடங்கலாம். இவற்றில் அளவுப் பிரச்சினை இல்லை. பாணி மாறினாலும் விற்கும். ஒரு கைத்தறித் துண்டைப் பிடித்துப்போனவர் அடுத்த முறை வேட்டி கேட்பார்.

5. பொய் கலவாமல் விற்போம். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது நெசவாளி வயிற்றில் அடிப்பது மட்டுமல்ல, நம் பெயரையும் கெடுப்பது. 2006இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை உள்ள சரக்கைக் கேட்டு வாங்குவோம். முத்திரை இல்லாததை "பருத்தித் துணி" என்று மட்டும் சொல்லுவோம். செனகல் ஆற்றங்கரையில் போலி விலைபோகவில்லை. நம் தெருவிலும் நெடுநாள் போகாது.

மளிகைக்காரருக்கு ஒரு சொல்

துணியே விற்காத மளிகைக்காரரும் தினமும் சந்திக்கும் ஒரு துணி உண்டு: பை. பிளாஸ்டிக் பை 120 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற விதி 2022 டிசம்பர் 31 முதல் நாடெங்கும் நடப்பில் உள்ளது. தடிமன் கூடக் கூடப் பைச் செலவும் கூடுகிறது. வாடிக்கையாளர் துணிப்பை கொண்டுவந்தால் நமக்கு நேரடி மிச்சம். பிறகு ஏன் கொண்டுவருவதில்லை?

மறதி ஒன்று, வெட்கம் மற்றொன்று. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பை, காலப்போக்கில் பட்டிக்காட்டான் அடையாளமாகக் கேலி செய்யப்பட்டது. 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. பின்னர் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் நாணயம் போட்டால் பை தரும் இயந்திரமும் வைத்தது. கேலிப்பொருளுக்கே இயக்கத்தின் பெயரில் இடம் கொடுத்தது நல்ல வியாபார புத்தி. சாயம் ஓடும் துணியை விற்றவர்கள் செய்ததும் அதுதான்.

நாமும் செய்யலாம். ஐந்து கிலோ அரிசி தாங்கும் கைப்பிடி, நிற்கும் அடிப்பாகம், மடித்தால் ஸ்கூட்டர் பெட்டியில் அடங்கும் அளவு ஆகியவை முதலில் வேண்டும். பையில் நம் கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டால் அது நமக்கு விளம்பரம், அவருக்குச் சுமை. "மூலக்குளம்" என்றோ "உழவர்கரை" என்றோ ஊர்ப் பெயரை அழகாக அச்சிட்டு, கடைப் பெயரை ஓரத்தில் சிறிதாகப் போட்டால் அவரே பெருமையாகத் தூக்கி வருவார். பையை அடக்க விலைக்கே கொடுப்போம். கிழிந்ததைத் திருப்பிக் கொண்டுவந்தால் புதியதில் ஐந்து ரூபாய் தள்ளுவோம். இலவசமாகக் கொடுத்த பை வீட்டில் கரித்துணியாகும். காசு கொடுத்து வாங்கிய பையோ மறுநாளும் கடைக்கு வரும்.

வரும் பொங்கலுக்கு முன் ஒவ்வோர் உறுப்பினரும் பத்துத் துண்டு, இருபது பை என்று மட்டும் எடுத்து விற்றுப் பார்ப்போம். எது போயிற்று, எது நின்றது, வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்துச் சங்கக் கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.