கூழுக்கு முன்னால் கம்பங்காடு

அன்புள்ள தம்பிக்கு,

மதுரையில் சிறுதானிய உணவகம் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே அனுப்பிய உணவுப் பட்டியலையும் பார்த்தேன். வரகுப் பிரியாணி, தினை பீட்சா, குதிரைவாலி நூடுல்ஸ். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து எல்லா ஊரிலும் இதே பட்டியல்தான். நீ கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. உன் கரிசல் சாப்பாடு இதில் எங்கே?

பாரம்பரிய உணவு சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். எதனால் நல்லது என்று தெரிந்தால்தான் அந்த நன்மை கெடாமல் சமைக்க முடியும். கரிசலில் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் வெள்ளாமை. மண் பிடித்து வைத்த ஈரத்திலேயே கம்பும் சோளமும் விளைந்துவிடும். ஊடே உளுந்தும் பாசிப்பயறும் போடுவார்கள். அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். கதிர் வீட்டுக்கு, தட்டை மாட்டுக்கு, சாணம் திரும்பவும் காட்டுக்கு. தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. மானாவாரிக் கம்பங்காட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுப்படியையும் பார். கம்பில் நீர் தெளித்து, தோல் போக இடித்துப் புடைத்து, குருணையாக உடைத்து, முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பார்கள். மறுநாள் ஒரே உலையில் கிண்டி இறக்கி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவிட்டால் அடுத்த நாளுக்கும் அடுப்பு மூட்ட வேண்டாம். மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்க வேண்டியதுதான். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய், கொத்தவரை வத்தல். காய் மலிந்த மாதத்தில் வெயிலிலேயே காய்ந்தவை அவை. மரம் குறைந்த நாட்டில் விறகின் அருமை தெரிந்த பெண்கள் கட்டிக்காத்த சமையல் இது. உன் கடையில் முதல் இடம் இதற்குத்தான் வேண்டும்.

உலக்கையை மட்டும் போற்றாதே. பெண்களின் தோளை வாங்கிய வேலை அது. தாராளமாக மில்லில் கொடு. ஆனால் கம்பு மாவில் எண்ணெய்ச்சத்து உண்டு, வைத்திருந்தால் கசந்துவிடும். அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள். சாமையும் வரகும் வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடு. உமியோடு தவிடும் போன தானியம் அது.

கம்பு நின்ற காடுகள் பலவற்றில் இன்றைக்கு மக்காச்சோளம் நிற்கிறது. கோழித் தீவனத்துக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள், விதைக்கிறார்கள். சம்சாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பை வாங்க யார் வந்து நின்றோம்? இந்தியாவிலேயே அதிகமாகக் கம்பு விளைவது ராஜஸ்தானில். அங்கிருந்து லாரியில் வந்த கம்பில் கூழ் காய்ச்சி 'கரிசல் சமையல்' என்று பலகை மாட்டினால் கரிசலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இதே யோசனை கேட்டால் கம்பை வை என்று சொல்லமாட்டேன். ஆற்றுப்பாசன பூமியின் சாப்பாடு அரிசிதான். பழைய சோற்றையும் நீராகாரத்தையும் தைரியமாகப் பரிமாறச் சொல்வேன். தட்டில் இருப்பது பக்கத்து மண்ணில் விளைந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம்.

புரட்டாசியில் மழைக்கு முன்பே கரிசலில் விதைப்பு தொடங்கிவிடும். அதற்குள் ஊருக்குப் போய் வா. நாலு சம்சாரிகளைப் பார்த்து, இத்தனை மூட்டை கம்பு நான் எடுத்துக்கொள்கிறேன், இன்ன விலை என்று பேசி, கையில் முன்பணமும் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்