நாளுக்கு ஓர் அத்தியாயம்

எழுத்தாளர் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை ஒரே வாரத்தில் முடித்துவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. 'கல்கி' இதழில் அது தொடராக வந்தபோது யாராலும் அப்படிப் படித்திருக்க முடியாது. 1950 அக்டோபரில் தொடங்கிய கதை, 1954 மே மாதம்தான் முடிந்தது. கதாநாயகன் வந்தியத்தேவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று தெரிய ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை வீட்டில் அதே பேச்சுதான்.

பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்து எடுத்துவைத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்துகொள்வது அன்றைய வீடுகளின் வழக்கம். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பா'ளை அப்படிக் கட்டிவைத்த ஒரு தொகுதி எங்கள் வீட்டில் இருக்கிறது. ஓவியர் கோபுலு வரைந்த கதாநாயகன் சிக்கலார் நாயனத்தைத் தூக்கி நிற்கும் பக்கத்தைத் திருப்பினால், பின்புறம் ஏதோ தைல விளம்பரம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். தாள் பழுத்து, ஓரம் உதிர்கிறது. இத்தகைய தாளில் செலோ டேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகி எழுத்தையும் பாழாக்கிவிடும். ராமபாணப் பூச்சி வராதிருக்க அலமாரியில் வசம்புத் துண்டு போட்டுவைப்பது பழைய வழி. இன்றும் செய்யலாம்.

வீட்டில் தினமும் படிக்க நினைப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியவை, தொடராக வெளிவந்த புத்தகங்கள்தான். எழுதியவரே அளவு பார்த்துப் பரிமாறியிருப்பார். எந்த இடத்தில் நிறுத்துவது என்ற கேள்வியே எழாது.

உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' இதற்கு மிகவும் ஏற்றது. 1940 முதல் 'ஆனந்த விகட'னில் வந்தது. ஓர் அத்தியாயம் சில பக்கம்தான். இரவுச் சாப்பாடு முடிந்து ஒருவர் வாய்விட்டு வாசித்தால், பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதற்குள் முடிந்துவிடும். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடம் வந்த இரவு, எங்கள் வீட்டில் யாரும் எழுந்து போகவில்லை. தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் இளம் ஆசிரியரான ஐயர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியின் பலன்தான் ஐயரின் பதிப்பாக 1887இல் அச்சேறிய சீவக சிந்தாமணி. தனியே கண்ணை ஓட்டிப் படிக்கையில் சாதாரணமாகக் கடந்துபோகும் இந்தக் காட்சி, காதால் கேட்கும்போது நாடகம் போல விரிகிறது.

ஐயர் 1942இல் மறைந்ததால் 122 அத்தியாயங்களோடு நூல் நின்றுவிடுகிறது. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மிச்சம் எங்கே என்று கேட்பார்கள்.

இடையில் வரும் செய்யுள்களில் நாக்கு தடுக்கினால் முதல் தடவை தாண்டிப் போகலாம். கதையோட்டம் அறுபடாதிருப்பதே முக்கியம். வாசிப்பவரை முறை வைத்து மாற்றினால் ஒருவர் தொண்டையே கட்டாது, பிள்ளைகளுக்கும் உச்சரிப்பு திருந்தும். விருந்தாளி, காய்ச்சல், பரீட்சை என்று நாலு நாள் விட்டுப்போனால், ஈடுகட்ட ஒரே இரவில் நாலு அத்தியாயம் படிக்கவே வேண்டாம். விட்ட இடத்தில் ஒன்று போதும். முந்தியதை ஒருவர் வாய்மொழியாகச் சொல்லித் தொடங்கட்டும். 'முன்கதைச் சுருக்கம்' என்று பத்திரிகைகள் செய்ததும் அதைத்தானே!

செலவும் பெரிதில்லை. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனதால் மலிவுப் பதிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் காசில்லாமலே படிக்கலாம். ஆனாலும் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்க, கைக்குக் கை மாற்ற, அச்சுப் புத்தகமே வசதி. வாங்க முடியாதவர்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் 'பொன்னியின் செல்வ'னின் முதல் பாகத்தை இந்த வாரமே வீட்டுக்கு எடுத்துவரலாம்.