குளத்து நீர் பச்சையானால்

கொத்மலை நீர்த்தேக்கத்தைத் தெரியாதவர் நம்மில் கொஞ்சப் பேர்தான். 1991 இல் அதன் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி பெருகியது. "பாசிதானே, விலக்கிவிட்டுக் குளிக்கலாம்" என்போம். ஆனால் இது கல்லில் வழுக்குகிற பாசி அல்ல. மைக்ரோசிஸ்டிஸ் என்று பெயர். உண்மையில் ஒருவகைப் பக்டீரியா. பச்சைச் சாயம் கொட்டினாற்போல் நீரில் மிதக்கும்.

இது எதைத் தின்று வளருது? நாம் தேயிலைக்குப் போடும் அதே நைதரசனையும் பொசுபரசையும்தான். உரம் போட்ட கையோடு பெருமழை பிடித்தால் ஒரு பங்கு கானில் ஓடிவிடும். கான் ஆற்றுக்கு, ஆறு குளத்துக்கு. மரக்கறிப் பாத்தி உரம், மாட்டுக் கொட்டில் சாணி, மலசலகூடக் கழிவு எல்லாம் அதே வழிதான். பொசுபரசு மண்ணோடு ஒட்டிக்கொண்டு போகும். ஆகவே மண் கரைந்தால் அதுவும் கூடவே போய்விடும்.

குளங்களில் பெரும்பாலும் பொசுபரசுதான் குறைவு. அது வந்து சேர்ந்ததும் பாசி பெருகும். அனபீனா போன்ற சில வகைகள் நைதரசனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மைக்ரோசிஸ்டிசுக்கு அந்த வித்தை தெரியாது. அதன் நஞ்சான மைக்ரோசிஸ்டினில் நைதரசன் நிறைய உண்டு. ஆகவே நீரில் நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் நஞ்சும் கூடக்கூடும். வெயிலும் அசையாத தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த நஞ்சு ஈரலைத் தாக்கும். 1996 இல் பிரேசிலின் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளரின் இரத்தம் சுத்திகரிக்கும் நீரில் இது கலந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கொதிக்க வைத்தால் சரியாகுமா என்று அம்மாமார் கேட்பார்கள். பாசி சாகும், நஞ்சு போகாது. (வயிற்றோட்டக் கிருமிக்காகப் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீங்க!) மருந்தடித்துக் கொல்வதும் ஆபத்துத்தான். 1979 இல் அவுஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணைக்குச் செப்பு சல்பேற்று போட்ட சில நாட்களில் நூற்றுக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், நோயில் விழுந்தார்கள். அது வேறொரு நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு. செத்த பாசி உடைந்து நஞ்சை நீரில் விட்டதே காரணமென்று கருதப்படுகிறது.

பெருமழைக்கு முன் உரம் போடாமல், ஓடைக் கரையோரம் புல்லை வெட்டாமல் விட்டால் குளத்துக்குப் போகும் சத்துக் குறையும். பச்சை நுரை கண்ட நீரில் பிள்ளைகளை இறக்காதீர்கள், மாட்டையும் குடிக்க விடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.