நடந்து செல்லும் மண்வெட்டி யந்திரங்கள்

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் கரிசல் நிலத்தில் மழைக்காலத்தே பாரவண்டி ஓட்டியவர்களுக்கு நாம் இப்போது கூறப்போகும் விஷயம் பாதிக்குமேல் தெரிந்ததே. நெல்மூட்டைகளோடு செல்லும் வண்டி அச்சுவரை புதைந்து நிற்க, அதனை இழுத்த மாடுகள் எப்படியோ காலைப் பிடுங்கிக்கொண்டு கரையேறிவிடும். சக்கரம் உருளுவதற்குக் கெட்டியான தரை இடைவிடாது வேண்டும். காலுக்கு ஊன்றும் இடத்தில் மட்டும் தரை இருந்தால் போதும். இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டு அமைந்தவையே நடந்து செல்லும் மண்வெட்டி யந்திரங்கள். இவற்றில் மிகப் பெரியதொரு ஜாதியும் சிறியதொரு ஜாதியும் உண்டு.

பெரிய ஜாதிக்கு டிராக்லைன் என்று பெயர். இழுவைவாளி யந்திரம் எனலாம். இதனை 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சிகாகோ நகரைச் சார்ந்த ஜான் பேஜ் என்பவர் அமைத்தார். நீண்டு சாய்ந்த கையொன்றின் நுனியிலிருந்து கயிற்றில் வாளி தொங்கும். மற்றொரு கயிறு அவ்வாளியை யந்திரத்தை நோக்கித் தரையோடு இழுக்கும். இழுபடும்போதே வாளி நிறையும். பின்பு அதனை மேலே தூக்கி, யந்திரம் தன் உடலையே திருப்பிப் பக்கத்தில் கொட்டிவிடும். மேட்டில் நின்றுகொண்டு தனக்குக் கீழேயுள்ள பள்ளத்தை வெட்டுவது இதன் தனித்திறமை.

ஆனால் முதலில் வந்த டிராக்லைன்களை இடம் மாற்றுவது பெரும்பாடாக இருந்தது. கூலியாட்கள் முன்னே பலகைகளையும் உருளைகளையும் பரப்ப, யந்திரம் தன் வாளியைத் தரையில் ஊன்றித் தன்னையே இழுத்துக்கொண்டு நகரும். 1913இல் சிகாகோவின் மோனிகன் கம்பெனியைச் சேர்ந்த ஆஸ்கார் மார்ட்டின்ஸன் என்னும் பொறியாளர் இதற்குக் கால் கொடுத்தார். அக்காலின் அமைப்பு மிக எளியது. யந்திரம் வேலை செய்யும்போது வட்டமான ஒரு பெரும் பீடத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். இருபுறத்திலும் படகுபோல் நீண்ட இரும்புப் பாதங்கள் தரையில் படாமல் தொங்கும். நடக்கவேண்டியபோது, மையம் விலகிய சக்கரங்கள் சுழன்று இருபாதங்களையும் ஒரே சமயத்தில் கீழே ஊன்றும். மேலும் சுழலவே, உடல் சற்று எழும்பிப் பின்னோக்கி ஏறத்தாழ 2 மீட்டர் நகர்ந்து மீண்டும் உட்காரும். பாதங்கள் எழுந்து அடுத்த அடிக்குத் தயாராகும். இரண்டு கால்களும் மாறி மாறி வைப்பதன்று இந்நடை; ஊன்றுகோல் இரண்டையும் ஒருங்கே ஊன்றித் தன்னைத் தூக்கிப்போட்டுச் செல்லும் ஒருவனுடைய நடையையே ஒத்தது. பாதங்கள் திரும்பும் மேலுடலோடு இணைந்திருப்பதால், உட்கார்ந்தபடியே திரும்பிக்கொண்டு எந்தத் திசையிலும் புறப்படலாம். வேகத்தைப்பற்றிப் பேசாதிருப்பதே நலம். ஆமையும் இதனை முந்திவிடும்.

இத்துணைப் பாரம் ஏன் புதைவதில்லை என்று மாணவர்கள் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 1,800 டன் எடையுள்ள யந்திரம் 15 மீட்டர் குறுக்களவுள்ள பீடத்தில் உட்கார்ந்திருப்பதாகக் கொள்க. பீடத்தின் பரப்பு சுமார் 177 சதுர மீட்டர். ஆகவே ஒரு சதுர செ.மீ. தரைமீது விழும் பாரம் ஏறத்தாழ 1 கிலோவே. நம் பாரவண்டியின் எடை 1,000 கிலோ என்றும், இரு சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் 100 சதுர செ.மீ. என்றும் கொண்டால், அங்கே விழுவது 10 கிலோ. மலைபோன்ற யந்திரத்தைத் தாங்கும் தரை மாட்டுவண்டியைத் தாங்காமற்போவதன் இரகசியம் இதுதான்.

நம் தேசத்தில் இவ்யந்திரங்களைக் காணவேண்டுமானால் மத்தியப் பிரதேச, உத்தரப் பிரதேச எல்லையிலுள்ள சிங்ரௌலி நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் செல்லவேண்டும். அங்கே வழங்கும் ஓர் அளவு 24/96 என்பது. அதாவது 24 கன மீட்டர் வாளியும் 96 மீட்டர் நீளமுள்ள கையும். வண்டிக்கு அரைக் கன மீட்டர் மண் என்றால், ஒரே வாளியில் 48 வண்டி மண் எழும்பும். ஓர் இழுப்பு, ஒரு தூக்கு, ஒரு திருப்பு, ஒரு கொட்டு. எல்லாம் ஏறக்குறைய ஒரு நிமிஷ வேலை. இதனினும் பெரியது 1969இல் ஒஹாயோவில் வேலைக்கு வந்த ‘பிக் மஸ்கி’. அதன் வாளி ஏறத்தாழ 168 கன மீட்டர் கொண்டது. 1991இல் வேலை நிறுத்தி, 1999இல் அதனை உடைத்துவிட்டனர். வாளி மட்டும் காட்சிப்பொருளாக மிஞ்சியிருக்கிறது.

இவ்வளவு பெருந்திறமை வாய்ந்த யந்திரம் அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் ஏன் இல்லை? ஏழைமையால் அன்று; டால்மியாபுரம் முதல் அரியலூர்வரை சிமெண்டு ஆலைகள் பல உண்டு. காரணம், எடுத்த மண்ணை எங்கே இடுவது என்னும் கேள்வியில் இருக்கிறது. டிராக்லைன் எடுத்ததைத் தன் கைக்கெட்டும் தூரத்திலேயே கொட்டும், சுமந்து செல்லாது. நிலக்கரியின் மேலுள்ள வேண்டாத மண்ணை ஒதுக்க அது போதும். அரியலூரிலோ வெட்டும் கல்லே வேண்டிய பொருள். அதை ஆலைக்குக் கொண்டுபோகவேண்டும். ஆகவே சங்கிலித்தடத்தில் ஊரும் மண்வெட்டியும், அதன் அருகே வந்து நிற்கும் பாரலாரியுமே இங்குப் பொருத்தம். கடல் இவ்விடத்தில் விட்டுச்சென்ற அம்மோனைட்டுச் சிப்பிகளைத் தேடிவரும் பூகர்ப்ப சாஸ்திர மாணவர்களுக்கும் இது ஒருவகையில் நன்மையே. 24 கன மீட்டர் வாளிக்குக் கண் இல்லை.

ஜெயங்கொண்டத்தில் இக்கேள்வி வேறு உருவம் கொண்டது. அங்கே பூமியின் கீழ்ப் பழுப்பு நிலக்கரி உண்டு. 1957இல் தொடங்கி 1961இல் நிலக்கரியைக் கண்ட நெய்வேலிச் சுரங்கம் அதிக தூரத்தில் இல்லை. அங்கே நடக்கும் யந்திரங்கள் அல்ல, பல வாளிகளைச் சக்கரத்தில் கோத்த ஜெர்மானிய யந்திரங்களே மேல்மண்ணை வெட்டி, ஓடும் பட்டைகளில் தொலைவுக்கு அனுப்புகின்றன. எந்த யந்திரமாயினும், முதற்குழியில் எழும் மண்ணுக்குக் குழிக்கு வெளியே இடம் வேண்டும். குழிக்கு நிலம், குழியின் மண்ணுக்கும் நிலம். இரண்டும் ஒருவருடைய முந்திரித்தோப்போ புன்செயோதான். 1990களில் ஜெயங்கொண்டம் பகுதியின் பல கிராமங்களில் இத்திட்டத்திற்கென்று நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீடு போதாதென்று வழக்குகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. யந்திரம் வரவேயில்லை. முடிவில் அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உடையவர்களுக்கே திருப்பித்தரத் தீர்மானித்தது. தன் நிலம் தன்னதா அன்றா என்றறியாமல் ஒரு குடும்பம் கிணறும் வெட்டாது, கன்றும் நடாது. வெட்டப்படாத சுரங்கமும் இவ்வாறு இரண்டு தலைமுறையைத் தொட்டுவிட்டது. நிலக்கரி கிடைத்திருந்தால் வேலை கிடைத்திருக்கும் என்போரும் அவ்வூர்களில் உண்டு; அவர்கள் கூற்றையும் நாம் தள்ளிவிடுவதற்கில்லை.

இனிச் சிறிய ஜாதியைப் பார்ப்போம். 1960களின் நடுவில் ஸ்விட்ஸர்லாந்தில் மென்ஸி, லீக்டென்ஸ்டைனில் கைஸர் ஆகியோர் ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளுக்காக அமைத்தது இது. பத்து டன் அளவே எடை. நான்கு கால்கள்; பெரும்பாலும் பின்னிரண்டில் சக்கரமும், முன்னிரண்டில் நகம்போன்ற ஊன்றுகோலும் இருக்கும். ஒவ்வொரு காலையும் தனித்தனியே உயர்த்தலாம், தாழ்த்தலாம், அகட்டலாம். சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்றாலும் ஓட்டுபவர் இருக்கை சமமாகவே இருக்கும். நடக்கும் விதம் இது: கையை முன்னே நீட்டி வாளியைத் தரையில் ஊன்றுவர், முன்கால்கள் எழும்பும், கையை மடக்க, உடல் முன்னே இழுபடும், பின்பு கால்களை ஊன்றுவர். சென்னை மாநகராட்சி கால்வாய்களைத் தூர்வார இத்தகைய யந்திரங்களைப் பயன்படுத்தியிருக்கிறது.

நம் பகுதிக்கு ஏற்றது இச்சிறிய ஜாதியே என்பது நம் எண்ணம். ஏரிக்கரையின் சரிவில் கனத்த சங்கிலித்தட யந்திரம் ஏறி இறங்கினால் கரை குலையும். இதுவோ ஓடையின் இருபுறமும் காலை அகட்டி நின்று, நடுவிலுள்ள வண்டலையும் வேலிக்கருவையையும் அள்ளும். எடுத்த மண்ணை எங்கே இடுவது என்னும் கேள்விக்கும் இங்கே எளிய விடையுண்டு. ஏரி வண்டல் வயலுக்கு உரம். 2017இல் வண்டலை இலவசமாக எடுக்க உழவர்களுக்கு அரசு அனுமதி தந்தது; 2024இல் அவ்வனுமதியை வட்டாட்சியரிடமே பெற வழி செய்தது.

கங்கைகொண்ட சோழபுரத்தருகே இராஜேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம், இன்று பொன்னேரி என வழங்குவது, பெரும்பகுதி தூர்ந்து கிடக்கிறது. அத்தகைய ஏரியில் யந்திரத்தை இறக்குமுன் மதகின் அடிமட்டத்தை அளந்து கழி நடவேண்டும். அம்மட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மதகுவழியே வயலுக்கு ஏறாது. வண்டல் முடிந்து ஏரியின் களிமண் தொடங்கும் இடத்தை வாளியின் நிறத்தைக் கொண்டே அறியும் முதியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருப்பர். ஓட்டுபவருக்கு அருகில் அவர்களில் ஒருவர் கரைமேல் நிற்பது நல்லது.